768 பெண்களும் 98 சதவீதமும்

டேட்டா சயின்ஸ் என்றால் மாடல் கட்டுவது. இந்த நம்பிக்கையை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. கவுன்சலிங்கில் பிள்ளைக்குப் பாடப்பிரிவு தேடும் பெற்றோரிடம் இது இருக்கிறது. மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் குறைத்து ஏஐ-டேட்டா சயின்ஸ் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகும் கல்லூரி நிர்வாகங்களிடம் இருக்கிறது. ஆறு மாதத்தில் வேலைக்குத் தயார் செய்வதாக விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களிடமும், ஆண்டுக்கு இத்தனை பேப்பர் என்ற கணக்கை முடித்தாக வேண்டிய பேராசிரியர்களிடமும் இருக்கிறது. நம்பிக்கையை விரித்துச் சொன்னால் இப்படி வரும்: தரவு எங்கும் கொட்டிக் கிடக்கிறது, இறக்கிக்கொண்டால் போதும். அதைச் சேகரித்தவர் யாரோ எவரோ, அது குமாஸ்தா வேலை. அறிவுக்கு வேலை அல்காரிதத்தில்தான். அது கைவந்துவிட்டால் இன்று மருத்துவம், நாளை விவசாயம், மறுநாள் வங்கி என்று எந்தத் துறைக்குள்ளும் போகலாம். அந்தத் துறையைப் படித்திருக்க வேண்டியதில்லை.

இது அடியோடு தவறு என்பது என் கட்சி. ஆராய்ச்சியை இது கெடுக்கிறது. ஆராய்ச்சிக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளையும் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பொதுப்படையாகப் பேசிக்கொண்டிருந்தால் யாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். அதனால் ஒரே ஒரு தரவுத் தொகுப்பை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க விரும்புகிறேன்.

கடைசி ஆண்டு புராஜெக்ட் வைவாவுக்கு வெளித் தேர்வாளராகப் போகிற யாருக்கும் பழகிப்போன தலைப்பு ஒன்று உண்டு: மெஷின் லேர்னிங் மூலம் நீரிழிவைக் கண்டறிதல். கல்லூரி மாறும், மாணவர்கள் மாறுவார்கள், அல்காரிதத்தின் பெயர் மாறும். டேட்டாசெட் மட்டும் மாறாது. 'பிமா இந்தியன்ஸ் டயாபடீஸ்' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 768 வரிகள் கொண்ட ஒரு கோப்பு. ஒவ்வொரு வரியும் ஒரு பெண். கருவுற்ற எண்ணிக்கை, குளுக்கோஸ், ரத்த அழுத்தம், தோல் மடிப்பின் தடிமன், இன்சுலின், பிஎம்ஐ, குடும்ப வழிக் கணக்கு, வயது என எட்டு அளவுகள். ஒன்பதாவது கட்டத்தில் 0 அல்லது 1: நோய் இல்லை, உண்டு. அறிக்கையின் முடிவில் ஓர் அட்டவணை இருக்கும். நான்கைந்து அல்காரிதங்களின் பெயர்கள், எதிரே அக்யூரசி. தங்கள் மாடலுக்கு நேரே 95, 96, 98 என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

இன்சுலின் கட்டத்தைப் பாருங்கள். 768 பேரில் 374 பேருக்கு அது பூஜ்யம். தோல் மடிப்பு 227 பேருக்குப் பூஜ்யம். ரத்த அழுத்தம் 35 பேருக்குப் பூஜ்யம். பிஎம்ஐ 11 பேருக்குப் பூஜ்யம். ரத்த அழுத்தம் பூஜ்யமாக இருக்கும் ஒருவர் உயிரோடு இருக்க முடியாது. எடையே இல்லாத மனிதர் கிடையாது. அளக்கவில்லை என்பதைத்தான் யாரோ 0 என்று பதிந்திருக்கிறார்கள். இதை அப்படியே மாடலுக்குள் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிஎஸ்சி நர்சிங் முதலாண்டு மாணவி ஒருவரிடம் இந்தக் கோப்பைக் காட்டியிருந்தால் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பார்.

கவனித்துத் திருத்துகிறவர்கள் செய்வதுதான் இன்னும் மோசம். விடுபட்ட இடத்தில் இடைநிலை எண்ணை நிரப்புவது வழக்கம். இந்தக் கோப்பை வைத்து இணையத்தில் சுற்றும் பிரபலமான செய்முறை ஒன்று, நோயுள்ளவர்களுக்குத் தனி இடைநிலை, நோயில்லாதவர்களுக்குத் தனி இடைநிலை என்று கணக்கிட்டு நிரப்பச் சொல்கிறது. இன்சுலினுக்கு அந்த எண்கள் 169.5, 102.5. என்ன நடந்திருக்கிறது என்று யோசியுங்கள். கோப்பில் உண்மையாக அளந்த இன்சுலின் எண்கள் அத்தனையும் முழு எண்கள். அரை வருவது இப்படி நிரப்பிய கட்டங்களில் மட்டுமே. ஆக, ஒரு பெண்ணின் இன்சுலின் 169.5 என்றிருந்தால் அவருக்கு நோய் உண்டு, 102.5 என்றிருந்தால் இல்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விடையைக் கேள்வித்தாளிலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. மாடல் அதைப் படித்து ஒப்பிக்கிறது. அக்யூரசி ஏறுகிறது. நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்று செயற்கையாக வரிகளைப் பெருக்கிவிட்டுப் பிறகு பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் அது இன்னும் ஏறும். சோதனைக்கு வைத்த பெண்ணின் சாயல் பயிற்சியிலும் இருக்குமே. நாளை மருத்துவமனைக்கு வரப்போகும் ஒருவருக்கு விடை முன்பே தெரிந்திருக்காது. அவரிடம் இந்த மாடலால் எதுவும் சொல்ல முடியாது.

அடுத்து குளுக்கோஸ். அந்தக் கட்டத்தில் இருக்கும் மிகப் பெரிய எண் 199. 200 என்று ஒன்றுகூட இல்லை. சர்க்கரை நோய் பற்றிய கோப்பில் 250, 300 ஏன் இல்லை என்ற கேள்வி எவருக்கும் எழவேண்டும். நான் பார்த்தவரை வைவாக்களில் எழுவதில்லை. பதில் 1988இல் இந்தத் தரவை முதன்முதலில் பயன்படுத்திய ஆய்வில் இருக்கிறது. அந்த எண் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு கிடையாது. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு. அது 200ஐத் தொட்டாலே நீரிழிவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பரிசோதனை நாளன்று நீரிழிவு இல்லாத பெண்களை மட்டுமே ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்; அவர்களில் யாருக்கு அடுத்த ஐந்தாண்டுக்குள் நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதே அவர்களது கேள்வி. அதனால்தான் 199இல் நிற்கிறது. இந்தக் கோப்பில் ஒருவருக்குக்கூட அன்றைக்கு நோய் இல்லை. இதை வைத்து நோயைக் 'கண்டறியும்' மாடல் கட்டியதாக அறிக்கை அச்சாகிறது. மூல ஆய்வாளர்கள் 192 பேரிடம் சோதித்துப் பார்த்துச் சொன்ன துல்லியம் 76 சதவீதம். நம் மாணவர்கள் அதே வரிகளிலிருந்து 98ஐ எடுக்கிறார்கள்.

புராஜெக்டோடு ஒரு வலைப்பக்கமும் செய்து காட்டுவார்கள். எட்டுப் பெட்டிகள், கீழே ஒரு பொத்தான். குளுக்கோஸ் பெட்டியில் வருகிறவர் எதை நிரப்புவார்? காலையில் லேபில் எடுத்த வெறும் வயிற்று அளவை. மாடல் கற்றது வேறோர் அளவை. இன்சுலின் பெட்டியில்? சாதாரணமாக யாரும் எடுத்துப் பார்க்காத பரிசோதனை அது. 'பெடிகிரி ஃபங்ஷன்' பெட்டியில்? உறவினர்களில் யார் யாருக்கு நோய் இருந்தது, அவர்கள் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை வைத்து அந்த ஆய்வாளர்கள் தாங்களே உருவாக்கிய சூத்திரம் அது. தமிழ்நாட்டில் ஒருவரும் தன் எண்ணைச் சொல்ல முடியாது. மூன்று பெட்டிகளை நிரப்ப வழியில்லாத ஒரு கருவிக்கு முழு மதிப்பெண் போட்டு அனுப்புகிறோம்.

அந்தப் பெண்கள் யார் என்றாவது சொல்ல வேண்டாமா? இந்தியன்ஸ் என்று இருப்பதால் நம் நாட்டுப் பெண்கள் என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிலா ஆற்றை ஒட்டி வாழும் அக்கிமெல் ஓ'ஓதம் (பிமா) என்ற பழங்குடிப் பெண்கள் அவர்கள். வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்து, அவ்வழியே போன பயணிகளுக்குக் கோதுமை விற்ற சமூகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்து பஞ்சம் வந்தது. பின்னாளில் அரசு தந்த மாவும் சர்க்கரையும் கொழுப்பும் அவர்கள் உணவாயின. 20ஆம் நூற்றாண்டில் உலகிலேயே டைப் 2 நீரிழிவு மிக அதிகமாகப் பதிவான சமூகங்களில் ஒன்றானார்கள். 1965 முதல் பல பத்தாண்டுகள் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்கு அந்த மக்கள் மீண்டும் மீண்டும் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதிதான் 768 வரிகளாக நம் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வரிக்குப் பின்னால் யார் என்று தெரிந்துகொள்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. 21 வயதோ அதற்கு மேலோ ஆன, ஒரே சமூகத்தைச் சேர்ந்த, பெண்கள் மட்டுமே கொண்ட தரவில் பழகிய கணக்கு கும்பகோணத்து ஆண் ஒருவருக்குப் பொருந்தும் என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்?

பொருந்தாது என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. மேலைநாட்டாரைவிடக் குறைந்த பிஎம்ஐயிலேயே நம்மவர்களுக்கு நீரிழிவு வருகிறது. பார்க்க ஒல்லியாக இருப்பார், வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்ந்திருக்கும். டாக்டர் வி. மோகனும் அவரது குழுவினரும் 2001இல் தொடங்கிய 'க்யூர்ஸ்' ஆய்வில் சென்னையில் 26,001 பேரைச் சந்தித்துத் தகவல் சேகரித்தார்கள். அதிலிருந்து 2005இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என நான்கே கேள்விகள். மொத்தம் 100 மதிப்பெண். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்ல வேண்டும். ஊசி வேண்டாம், லேப் வேண்டாம். ஒரு டேப்பும் ஒரு காகிதமும் இருந்தால் கிராமச் சுகாதாரச் செவிலியர் திண்ணையில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிடலாம்.

அதன் அக்யூரசி எவ்வளவு தெரியுமா? 61.3 சதவீதம். நோய் இருப்பது தெரியாமலே இருப்பவர்களில் 72.5 சதவீதத்தினரைப் பிடிக்கிறது. ஆபத்து அதிகம் என்று அது சுட்டுகிறவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள் 17 சதவீதம்தான். ஆனால் ஆபத்து குறைவு என்று அது விட்டுவிடுகிறவர்களில் 95.1 சதவீதத்தினருக்கு உண்மையிலேயே நோய் இல்லை. அதாவது எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வசதியில்லாத நாட்டில், யாருக்கு முதலில் செய்வது என்ற கேள்விக்கு நம்பகமான பதிலை அது தருகிறது. வடிகட்ட வேண்டிய இடத்தில் நின்று சரியாக வடிகட்டுகிறது. தன் வேலை என்னவென்று அந்தக் கணக்குக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் போட்டவர்களுக்குத் தெரியும்.

இந்த 61.3ஐ ஒரு மாணவர் தன் புராஜெக்டில் காட்டினால் வழிகாட்டிப் பேராசிரியரே திருப்பி அனுப்பிவிடுவார். 98 வந்தால்தான் பேப்பர் போகும் என்பார். இதுதான் என் கோபம். உயிருள்ள மனிதர்களிடம் அளந்து பெற்ற 61.3 சதவீதத்தை அவமானமாகவும், விடையை உள்ளே வைத்துச் செய்த 98ஐச் சாதனையாகவும் பார்க்கும் ஒரு தலைமுறையை நாம் பயிற்றுவித்துக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரிப் பிள்ளைகளோடு முடிந்துபோகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. கொரோனாக் காலத்தில் மார்பு எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கும் மாடல்கள் உலகெங்கும் குவிந்தன. 2020 ஜனவரி முதல் அக்டோபர் வரை வந்த ஆய்வுகளை ஒரு குழு வரிசையாகச் சோதித்து 2021இல் 'நேச்சர் மெஷின் இன்டலிஜென்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டது. தேடலில் கிடைத்தவை 2,212. அடிப்படைத் தரம் பார்த்துக் கழித்ததில் மிஞ்சியவை 62. அந்த 62இல் மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றும் இல்லை. காரணங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கொரோனா இல்லாதவர்களின் படங்கள் வேண்டும் என்று பலர் இணையத்தில் கிடைத்த நிமோனியா எக்ஸ்ரே தொகுப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். அது ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் படங்கள். கொரோனாப் படங்கள் பெரியவர்களுடையவை. மாடல் கற்றுக்கொண்டது குழந்தையின் நெஞ்சுக்கூட்டையும் பெரியவரின் நெஞ்சுக்கூட்டையும் வேறுபடுத்துவதை. எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் டெக்னீஷியனுக்கு ஒரு பார்வையில் தெரியக்கூடிய வேறுபாடு அது. அவரை யாரும் கேட்கவில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சயாஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அகலமானது. விடை முன்கூட்டியே கசியும் இந்தக் குறை 17 துறைகளில், 294 ஆய்வுக் கட்டுரைகளைப் பாதித்திருப்பதை அவர்கள் தொகுத்துக் காட்டினார்கள். மருத்துவம் மட்டுமல்ல, உள்நாட்டுப் போர் எங்கே வெடிக்கும் என்று கணிக்கும் அரசியல் ஆய்வுகள்கூட அதில் உண்டு. பிமா கோப்பில் இன்சுலின் கட்டத்தில் நடந்ததும் அங்கே நடந்ததும் ஒன்றே.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கனடாவைச் சேர்ந்த ரிச்சர்ட் சட்டன் இத்துறையின் பெரிய பெயர். 2024ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டவர். 2019இல் அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். எழுபது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், மனிதர் தம் துறையறிவைத் திணித்துக் கட்டிய முறைகள் எல்லாம் கடைசியில் தோற்றிருக்கின்றன, கணினி ஆற்றலைப் பெருக்கிக்கொண்டே போன பொதுமுறைகளே வென்றிருக்கின்றன என்பது அவர் வாதம். சதுரங்கம், கோ ஆட்டம், பேச்சை அறிதல், படத்தை அறிதல் ஆகியவற்றை உதாரணம் காட்டினார். அவர் சொன்ன களங்களில் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் சதுரங்கத்தில் எப்படித் தரவு கிடைக்கிறது? விதிகள் தெரியும், இயந்திரம் தன்னோடு தானே கோடிக்கணக்கில் ஆடிக்கொள்ளும். ஒரு நகர்த்தல்கூடப் பிழையாகப் பதிவாகாது. யானை கட்டத்தில் 0 என்று எழுதிவைக்க அங்கே ஆளில்லை. படத்தை அறிவதிலோ, 2012இல் கணினி அறிவியலாளர் ஜெஃப்ரி ஹிண்டனின் மாணவர்கள் கட்டிய நரம்பு வலை, போட்டியில் அடுத்து வந்ததன் பிழை 26.2 சதவீதமாக இருக்கத் தன் பிழையை 15.3ஆகக் குறைத்து உலகையே திருப்பிப் பார்க்க வைத்தபோது, அதன் அடியில் கிடந்தது ஃபெய்-ஃபெய் லீ 2009இல் வெளியிட்ட இமேஜ்நெட். ஒரு கோடியே நாற்பது லட்சம் படங்கள் கொண்டதாக வளர்ந்த தொகுப்பு. இது என்ன, இது என்ன என்று ஒவ்வொரு படமாகப் பெயர் குறித்தவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர். மாடல் கட்டியவர்களின் பெயர் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அந்த 49,000 பேரின் உழைப்பைப் பற்றி ஒரு வரிகூட நம் பாடத்திட்டத்தில் நான் பார்த்ததில்லை.

புரதத்தின் கதை இதைவிடத் தெளிவானது, அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. 2024இல் வேதியியல் நோபல் பரிசின் பாதி டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. அவர்களது ஆல்ஃபாஃபோல்டு, அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதம் எப்படி மடங்கும் என்று சொல்கிறது. ஏஐ ஐம்பதாண்டுப் புதிரை அவிழ்த்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. உண்மைதான், மகத்தான வேலைதான். அது எதைப் படித்துக் கற்றது? 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏழே ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியை. ஆல்ஃபாஃபோல்டு வந்தபோது அதில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் கட்டமைப்புகள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு யாரோ ஒருவர் புரதத்தைப் பிரித்தெடுத்து, படிகமாக வளர்த்து, வளராமல் போனபோது மீண்டும் தொடங்கி, எக்ஸ்ரே செலுத்திக் கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு முனைவர் பட்டத்தின் ஆயுளையே விழுங்கிய கட்டமைப்புகள் அதில் எத்தனையோ.

அந்த வங்கியில் போடுவது சரியானதுதானா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஜி.என். ராமச்சந்திரன் வருகிறார். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்று வரையறுத்தது. இன்றைக்கும் உலகில் யார் ஒரு புரதக் கட்டமைப்பைத் தரவு வங்கியில் சேர்த்தாலும், ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்பது சரிபார்ப்பு அறிக்கையில் வருகிறது. தரவை நம்பலாமா என்று சோதிக்கும் அளவுகோலைச் சென்னையில் உட்கார்ந்து ஒருவர் தந்திருக்கிறார். அணுக்களின் அளவையும் பிணைப்பின் நீளத்தையும் அறிந்ததால் தந்தார். நம் ஏஐ துறைகள் எத்தனையில் அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

கூகுள் ஆய்வாளர்களான நித்யா சாம்பசிவனும் குழுவினரும் 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்தியா, கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்க நாடுகள், அமெரிக்கா ஆகிய இடங்களில் மருத்துவம், விவசாயம் போன்ற களங்களில் ஏஐ செய்யும் 53 பேரிடம் விரிவாகப் பேசினார்கள். தொடக்கத்தில் தரவில் விட்ட பிழை பின்னால் அடுக்கடுக்காகப் பெருகி வேலையைக் கவிழ்த்த அனுபவம் 92 சதவீதத்தினருக்கு இருந்தது. மாடல் வேலைக்கு எல்லோரும் வருகிறார்கள், தரவு வேலைக்கு யாரும் வருவதில்லை என்பதையே அவர்கள் தங்கள் கட்டுரையின் தலைப்பாக வைத்தார்கள். ஏன் வருவதில்லை என்றால், அதற்குப் பெயர் கிடைப்பதில்லை, பதவி கிடைப்பதில்லை, பேப்பர் கிடைப்பதில்லை. இதை மாற்றாமல் மாணவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

இந்த இடத்தில் பெற்றோரிடம் நேராகவே சொல்ல வேண்டியது ஒன்று. விலங்கியல் படிக்கும் பெண், வேளாண்மை படிக்கும் பையன், புள்ளியியல் படிக்கும் பெண் ஆகியோர் வீட்டில் இன்று தோற்றுப்போனவர்களாக நடத்தப்படுகிறார்கள். "பேசாம டேட்டா சயின்ஸ் எடுத்திருக்கலாம்ல" என்ற பேச்சு சாப்பாட்டுத் தட்டோடு சேர்ந்தே வருகிறது. அந்தப் பிள்ளைகள் தங்கள் பாடத்தைக் கைவிட்டுப் பைத்தான் வகுப்புக்கு ஓடுகிறார்கள். பைத்தான் கற்கட்டும், கட்டாயம் கற்கட்டும். ஆனால் கைவிட்டுவிட்டு ஓடும் பாடம்தான் அவர்களது முதல். பிமா கோப்பை வைத்து மாடல் கட்டும் நிரல் முழுவதையும் இன்று சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடும். கூடச் சேர்த்து அந்த 169.5, 102.5 பிழையையும் எழுதிக் கொடுக்க வாய்ப்பிருக்கிறது, ஏனென்றால் அது இணையத்தில் கற்றது அதைத்தான். நிரல் எழுதுவதை மட்டுமே கற்றவரிடம் இயந்திரத்தால் ஆகாத எதுவும் மிச்சமில்லை. குளுக்கோஸ் ஏன் 199இல் நிற்கிறது என்று கேட்கத் தெரிந்தவருக்கு வேலை மிச்சமிருக்கிறது. அந்தக் கேள்வியை உடலியல் கற்றவர் கேட்பார், செவிலியர் கேட்பார், கள ஆய்வுக்குப் போன புள்ளியியல்காரர் கேட்பார்.

ஆராய்ச்சியில் பணம் இல்லை என்பார்கள். இளநிலை ஆய்வாளர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நல்ல பிளேஸ்மென்ட் கிடைத்த மாணவர் முதல் மாதமே அதைத் தாண்டிவிடுவார் என்பது உண்மை. உதவித்தொகையை உயர்த்த வேண்டும், மாதாமாதம் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும், அதற்காகப் போராடவும் வேண்டும். ஆனால் பணம் குறைவு என்பது ஆராய்ச்சியையே பொய்யாக்கிக்கொள்ள அனுமதி அல்ல. பதவி உயர்வுக்கும் தரவரிசைக்கும் பேப்பர் எண்ணிக்கையைக் கேட்கும் முறை, நம் கல்லூரிகளைப் பிமா கோப்பைத் திரும்பத் திரும்ப அரைக்கும் ஆலைகளாக்கிவிட்டது.

இதற்கு மாற்று எங்கிருந்தோ இறக்குமதியாக வேண்டியதில்லை. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் விளைச்சலைக் கணக்கெடுக்கப் போனபோது முதலில் கவலைப்பட்டது சூத்திரத்தைப் பற்றி அல்ல, வயலுக்குப் போகிற கணக்கெடுப்பாளர் சரியாகப் பதிகிறாரா என்பதைப் பற்றி. அதனால் ஒரே பகுதிக்கு இரண்டு மாதிரிகளை எடுத்து, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு குழுக்களை அனுப்பினார். இரண்டு முடிவுகளும் எவ்வளவு விலகுகின்றனவோ அதைக் கொண்டு களப்பிழையை மதிப்பிட்டார். பின்னாளில் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் அதே முறை கையாளப்பட்டது. அண்மையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இன்டியாப்' ஆய்வு 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாக வீடுவீடாகச் சென்று 1,13,043 பேரைப் பரிசோதித்ததால்தான், நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று 2023இல் நம்மால் சொல்ல முடிந்தது. எந்த மாடலும் அந்த எண்ணை நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்காது.

எனவே பல்கலைக்கழகங்களுக்கு என் கோரிக்கை இது. பிமா கோப்பை வைத்துச் செய்யும் புராஜெக்டுகளை இனி ஏற்காதீர்கள். நீரிழிவைப் பற்றித்தான் ஆர்வம் என்றால், மாணவர்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மக்களின் சம்மதமும் பெற்று, தங்கள் ஊரிலேயே நூறு பேரின் இடுப்புச் சுற்றளவை அளந்து வரட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பை வைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புடவைக்கு மேலா உள்ளேயா, மூச்சை விட்ட பிறகா இழுத்தபோதா, பெண்களை அளக்கப் பெண் மாணவர்கள் போதுமான அளவில் இருக்கிறார்களா என்பதையெல்லாம் அவர்கள் முதல் வீட்டு வாசலிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கும். ஒரே ஆளை இரண்டு மாணவர்கள் அளந்தால் இரண்டு எண்கள் வரும். அந்த வித்தியாசம் எவ்வளவு, அதில் 60 மதிப்பெண்ணைத் தாண்டியவர் எத்தனை பேர் கீழே இறங்குகிறார்கள் என்று கணக்கிட்டு அறிக்கையில் எழுதட்டும். அந்த அறிக்கையின் அக்யூரசி 55 ஆக இருந்தாலும் நான் முழு மதிப்பெண் போடுவேன்.